மூடிக்கு மேல் ஒரு அறை

ராச்டேல், இங்கிலாந்து
மார்ச் கடைசி

அன்புள்ள ஹெதர் கண்ணுக்கு,

அப்பா எழுதுகிறேன். உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் பதறியிருப்பாய். பதறாதே, புதிதாக ஒன்றும் ஆகிவிடவில்லை. எனக்குப் போனில் பேச வராது என்பது உனக்குத் தெரியாததா? நீ கூப்பிட்டால் "இரு, அம்மாகிட்ட குடுக்கிறேன்" என்பதற்கு மேல் நான் ஒரு வார்த்தை பேசியது கிடையாது. இப்போது கொடுப்பதற்கு அம்மா வீட்டில் இல்லை. அங்கே வெயிலா, இங்கே மழை என்று எத்தனை தடவைதான் சொல்வது? அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

அம்மா முன்னைக்குத் தேவலை. பக்கவாதம் வந்த வலது கையும் காலும் இன்னும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. பேச்சு வருகிறது. ஒவ்வொரு வார்த்தையையும் தேடி எடுக்க வேண்டியிருக்கிறது, ஆனால் என்னைத் திட்டுவதற்கு மட்டும் உடனே கிடைத்துவிடுகிறது. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு போனேன் என்று நேற்று வார்டே கேட்கும்படி வாங்கிக் கட்டிக்கொண்டேன். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

விஷயம் இதுதான். அவளால் இனி மாடி ஏற முடியாது. நம் வீட்டில் படுக்கையும் குளியலறையும் மாடியில். கீழேயே படுக்கவும் கழிவறை போகவும் வசதி செய்தால்தான் வீட்டுக்கு அனுப்புவோம், இல்லாவிட்டால் முதியோர் இல்லம்தான் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அவர்கள் அந்தப் பக்கம் போனதும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னை அங்க விட்டுடாத, ஸ்டான்" என்றாள். இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் கெஞ்சி நான் கேட்டதில்லை, ஹெதர். பஸ் பிடிக்க வந்தவன் பஸ்ஸை விட்டுவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

ஆக, பின்முற்றத்தில் ஒரு அறை கட்டுகிறோம். பெரிய கட்டில், ஒட்டினாற்போல் கழிவறை, சக்கர நாற்காலி திரும்ப இடம். வேலை செய்வது உன் சித்தப்பா மகன் டேரன். வாய் கொஞ்சம் நீளம், ஆனால் கை சுறுசுறுப்பு. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டைப் பார்க்க வந்த பெண் முன்னறையைக் காட்டி, இதிலேயே கட்டில் போடலாமே என்றாள். சின்னப் பெண், அவளுக்கு என்ன தெரியும்? நல்லது கெட்டதுக்கு என்று வைத்திருக்கிற அறையில் கட்டில் போடுவார்களா? கிறிஸ்துமஸுக்கும், பாதிரியார் வந்தாலும்தான் அந்தக் கதவைத் திறப்போம். என் அப்பாவின் சவப்பெட்டி இருந்ததும் அங்கேதான். உன் பியானோ வேறு இருக்கிறது. அம்மா காதில் விழுந்தால் அந்தப் பெண்ணை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவாள்.

முற்றத்து மூலையில் பாதாளச் சாக்கடையின் இரும்பு மூடி இருக்கிறதே, ஞாபகமா? நீ அதன் மேல் நின்று கயிறு தாண்டுவாய். தெருவில் நமக்கு மேலே இருக்கிற வீடுகளின் கழிவெல்லாம் நம் முற்றத்துக்கு அடியில்தான் போகிறது. யார் முற்றத்தில் மூடி இருக்கிறதோ அவர்தான் வரிசைக்கே அடைப்பெடுக்க வேண்டும் என்பது இந்தத் தெருவின் வழக்கம். முன்பு என் அப்பா எடுத்தார், அப்புறம் நான். அடைப்பெடுக்கிற கம்புகள் இப்போதும் கரிக்கொட்டகையில்தான் கிடக்கின்றன. கிறிஸ்துமஸுக்கு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு மது பாட்டில் வரும், அதுதான் மரியாதை. ஆக மூடியும் நம்முடையது, குழாயும் நம்முடையது, யாரைக் கேட்க வேண்டும்? மூடி கட்டிலுக்கு அடியில் வருகிறதே என்று டேரனிடம் கேட்டேன். "கடைசியா எப்ப தெறந்தீங்க, பெரியப்பா?" என்றான். யோசித்துப் பார்த்தேன், ஞாபகமே வரவில்லை. பலகை போட்டு மூடி, மேலே கான்கிரீட்டைக் கொட்டிவிட்டான்.

வரட்டுமா என்று போன வாரம் நீ கேட்டாய். உனக்கு வேலை இருக்கிறது, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். இங்கே நான் பார்த்துக்கொள்கிறேன். அலைய வேண்டாம்.

அன்புடன்,
அப்பா


ராச்டேல்
மே

அன்புள்ள ஹெதருக்கு,

உன் கடிதம் வந்தது. அம்மாவிடம் படித்துக் காட்டினேன். திரும்பப் படிக்கச் சொன்னாள், படித்தேன். அறை எந்த அளவில் இருக்கிறது என்று கேட்டிருந்தாய். அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்.

பக்கத்து வீட்டு மக்சூத்தை நீ பார்த்ததில்லை. நீ போன பிறகு வந்தவர்கள். அவர், மனைவி, பிள்ளைகள், வயதான தகப்பனார். தங்கமான மனிதர்கள். அவர்களுக்கு ஈத் பெருநாள் அன்று வீடு கொள்ளாத விருந்தாளிகள். பிரியாணி வாசனை என் சமையலறை வரைக்கும் வந்தது. மத்தியானம் மக்சூத் வந்து கதவைத் தட்டினார். புத்தம் புதிய வெள்ளை உடை, முகத்தில் ஈயாடவில்லை.

"அங்கிள், கோவிச்சுக்காதீங்க. எங்க டாய்லெட் பொங்கி வழியுது. கீழ்வாசல் வரைக்கும் வந்துடுச்சு. நீங்கதான் இந்தத் தெருவுக்கு அடைப்பெடுப்பீங்கன்னு சொன்னாங்க."

நான் என்ன செய்தேன் தெரியுமா? பழக்க தோஷம், நேராகக் கொட்டகைக்குப் போய்க் கம்புகளை எடுத்துத் திருகிச் சேர்த்துக்கொண்டு முற்றத்தில் வந்து நின்றேன். நின்ற பிறகுதான் உறைத்தது. மூடி எங்கே? கையில் கம்பு, காலடியில் கான்கிரீட். தெருவுக்கே அடைப்பெடுத்தவன் தெருவையே அடைத்துவிட்டு நிற்கிறேன். பூமி பிளந்து என்னை விழுங்கக்கூடாதா என்றிருந்தது.

மக்சூத் கான்கிரீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். போய் மைத்துனர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். பெருநாள் உடையோடு, கையை மடித்துவிட்டுக்கொண்டு, என்னுடைய சம்மட்டியாலேயே அம்மாவின் அறைத் தரையை உடைத்தோம். மூடியைத் தூக்கினால் உள்ளே செங்கல் துண்டும் இறுகிப்போன சிமெண்டும். அந்த மகராஜன் டேரன் கொட்டியது பலகை ஓரமாக உள்ளே இறங்கியிருக்கிறது. கம்பை விட்டுக் குத்திக் குத்தி எடுத்தேன். தண்ணீர் குடுகுடுவென்று இறங்கின சத்தம் கேட்டதும் அந்தப் பக்கச் சுவரில் ஏறி நின்ற பெண்களும் பிள்ளைகளும் கை தட்டினார்கள். என் கண்ணில் தண்ணீர் நின்றது. நாற்றத்தினால் என்று சொல்லிக்கொண்டேன்.

மக்சூத் பதற்றத்தில் என் கதவைத் தட்டுவதற்கு முன்பே சாக்கடையையும் பார்த்துக்கொள்கிற தண்ணீர்க் கம்பெனிக்கும் போன் போட்டிருக்கிறார். மறுநாள் ஒரு பெண் வந்தாள். குழாய்க்குள் கேமராவை விட்டுப் பார்த்து, அது போகிற வழியெல்லாம் முற்றத்தில் நீலச் சாயத்தால் கோடு அடித்தாள். கோடு சரியாகக் கட்டில் போடும் இடத்தின் நடுவே போகிறது. பல வீடுகளுக்குப் பொதுவான குழாய் வீட்டுக்காரர்களுக்குச் சொந்தமில்லையாம். சில வருஷம் முன்பே சட்டம் மாறி, எல்லாம் கம்பெனியைச் சேர்ந்ததாம். அதன் பக்கத்தில் கட்டவே அவர்களிடம் ஒப்புதல் வாங்க வேண்டும், மூடிக்கு மேல் கட்டவே கூடாது. என் அப்பா காலத்திலிருந்து நாங்கள் பார்த்துக்கொள்கிற குழாய் என்றேன். அவள் நல்ல பெண். "நல்லாத்தான் பாத்துட்டு இருந்திருக்கீங்க, ஐயா. அறை கட்டுற வரைக்கும்" என்றாள்.

பச்சைத் தண்ணீர் குடிக்கக்கூட மனசு வரவில்லை. நீலக் கோட்டிலிருந்து தள்ளிக் கட்டினால் கழிவறைக்குத்தான் இடம், கட்டிலுக்கு இல்லை. கட்டில் இல்லாவிட்டால் அம்மா இல்லை. இல்லத்தில் ஒரு அறை காலியாகிறது, யோசியுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்கிறார்கள். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று நீதான் எனக்கு எழுத வேண்டும்.

நீ கிளம்பி வந்துவிடாதே. வந்து என்ன செய்யப் போகிறாய், இரண்டு பேருமாய் உட்கார்ந்து அந்த நீலக் கோட்டைப் பார்ப்பதா?

அப்பா


ராச்டேல்
ஜூன்

என் கண்ணு ஹெதருக்கு,

உன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

கதை இப்படி. மன்னிப்புக் கேட்க மக்சூத் வீட்டுக்குப் போயிருந்தேன். கையில் ஒரு கேக். அவர்கள் கேக்கை வாங்கிக்கொண்டு எனக்கு ஒரு தட்டு நிறைய சேமியா இனிப்பைக் கொடுத்தார்கள். நான்தான் அவர்கள் பெருநாளைக் கெடுத்தவன், எனக்கு இனிப்பு! முன்னறையில் உட்காரவைத்தார்கள். அங்கே ஜன்னலோரமாக ஒரு கட்டில், அதில் அவருடைய தகப்பனார். தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் கை காட்டிக்கொண்டிருந்தார். தபால்காரர்கூட நின்று அவரோடு பேசிவிட்டுப் போனார்.

இதை அம்மாவிடம் தமாஷாகத்தான் சொன்னேன். பேச்சோடு பேச்சாக நீலக் கோடு, ஒப்புதல், இல்லம் எல்லாம் வெளியே வந்துவிட்டது. அழுவாள் என்று நினைத்தேன். அவள் வெகுநேரம் வார்த்தை தேடிக்கொண்டிருந்தாள். பிறகு, "முன்ரூம்" என்றாள்.

அது நல்லது கெட்டதுக்கு வைத்திருக்கிறதாயிற்றே என்றேன், முட்டாள் மாதிரி.

"நான் செத்தா அங்கதான வெப்ப? இப்பவே வெச்சா என்ன?" என்றாள்.

ஹெதர், அவளுக்கு நோய் வந்த பிறகு இவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான். அவள் சிரித்தாள், பாதி முகத்தால்.

அப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. டேரன் வாயே திறக்காமல் வேலை செய்தான், அதுவே ஒரு அதிசயம். கரிக்கொட்டகை இருந்த இடத்தில், நீலக் கோட்டை விட்டுத் தள்ளி, கழிவறையும் குளிக்குமிடமும். அதற்குக் கம்பெனி ஒப்புதல் கொடுத்துவிட்டது. இரும்பு மூடி பழையபடி வெளியே தெரிய முற்றத்தில் மழையில் நனைந்துகொண்டிருக்கிறது. கம்புகளை வைக்கக் கொட்டகை இல்லாததால் மக்சூத் வாங்கிக்கொண்டு போனார், இனி அடைப்பு வந்தால் நான் எடுக்கிறேன் அங்கிள் என்று. கம்பெனியே வந்து எடுக்கும் என்று அந்தப் பெண் சொன்னதை இரண்டு பேருமே காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முன்னறையில் பெரிய கட்டில் போட்டாகிவிட்டது. ஆனால் போட்ட பிறகு பியானோவுக்கு இடமில்லை. சர்ச் கூடத்துக்குக் கொடுத்துவிடலாம், அவர்கள் ஆளோடு வந்து தூக்கிக்கொள்வார்கள் என்று அம்மாவிடம் சொன்னேன். அதற்கு அவள், "ஹெதர் வந்தா எத வாசிப்பா?" என்று கேட்டாள். டேரனும் மக்சூத்தின் மைத்துனர்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதைச் சமையலறைக்கு நகர்த்தினார்கள். அடுப்புக்குப் போக நான் பக்கவாட்டில் நுழைய வேண்டியிருக்கிறது. முட்டிக்கொள்ளாத நாளில்லை.

அம்மா வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வருகிறாள். ஜன்னல் திரைச்சீலையை எடுத்துவிடச் சொல்லியிருக்கிறாள், தெருவைப் பார்க்க வேண்டுமாம். டாக்டரிடம், கிறிஸ்துமஸுக்குள் நடக்க ஆரம்பித்துவிடுவாளா என்று கேட்டேன். நல்ல மனிதர், எப்போதும் முகத்தைப் பார்த்துப் பேசுவார். அன்றைக்கு மட்டும் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்துக்கொண்டு, பார்க்கலாம், பார்க்கலாம் என்றார்.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். நீயும் உன் வீட்டுக்காரரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆண்டவன் உங்களை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும்.

இந்தக் கடிதத்தை முடித்துவிட்டு ஒரு தடவை படித்துப் பார்த்தேன். வழக்கமாகக் கடைசியில் எழுதுகிற வரி ஒன்று விட்டுப்போயிருக்கிறது. அலைய வேண்டாம், வர வேண்டாம் என்று எழுதுவேனே, அது. மறந்துவிடவில்லை, கண்ணு. இந்தத் தடவை நான் அதை எழுதவில்லை.

உன் அப்பா