குஷாலி போன்

நவம்பர் 12, 1999. வெள்ளி.

முதலில் ஒரு மன்னிப்பு. எழுதுவதற்கு என்னிடம் என்ன இருக்கிறது என்று தெரியாமலே எழுதுகிறேன். யாரும் படிக்கப் போவதில்லை. இருந்தாலும் கேட்டுவிட்டால் கை கொஞ்சம் இலேசாகிறது. இது ஆபீஸில் மிஞ்சிய போன வருட டைரி, ஒவ்வொரு பக்கமும் கிழமையை அடித்துத் திருத்த வேண்டும். ஏழாவது வரைதான் தமிழ் மீடியம், பிழை இருக்கும். அதற்கும் சேர்த்து மன்னிப்பு.

காலையில் பனி. எங்கள் கட்கி ஸ்டேஷனில் எதிர்ப் பிளாட்பாரமே தெரியவில்லை.

டெக்கன் ஏரியாவில் மாடி ஆபீஸ். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம். அதிகம் பேர் போகாத நாடுகளுக்கு ரிடையர் ஆனவர்களைக் கூட்டிப்போகும் கம்பெனி. உஸ்பெகிஸ்தான், பர்மா, மங்கோலியா. திங்களன்று லாவோஸ். மே. (மேடம், இனி இப்படித்தான் எழுதுவேன்) தானே கூட்டிப்போகிறார். காலேஜில் சரித்திரம் எடுத்தவர்.

இன்றைய வேலை:
- ஆரஞ்சுத் தொப்பிகள், பையில் கட்ட ரிப்பன்
- சிவடா, பாகர்வடி என்று காரத் தின்பண்டங்கள், ஊறுகாய். பேக்கிங்
- மதியம் மீட்டிங், எல்லோருக்கும் டீ, வடை
- ஸ்லைடு மெஷின் பல்பு

மீட்டிங்கில் மே. ஜோடி பிரித்தார். எங்கள் கம்பெனி வழக்கம் இது. பஸ் கிளம்பும்போது தலை எண்ணுவதில்லை. ஒவ்வொருவரும் தன் ஜோடி ஏறிவிட்டாரா என்று பார்த்து, "ஆஹே" என்று சொல்ல வேண்டும். இருக்கிறார் என்று அர்த்தம். "உங்களைப் பத்தி நீங்க சொல்ல வேணாம். உங்க ஜோடியைப் பத்திச் சொல்லுங்க." எண்ணிக்கை தப்பும், இது தப்பாது என்பார்.

பிறகு ஸ்லைடு. ஒரு சமவெளி முழுக்க ஆள் உயரக் கல் ஜாடிகள். யார் செதுக்கினார்கள், எதற்கு, ஒருவருக்கும் தெரியாது. பழைய யுத்தத்தில் போட்ட குண்டுகள் வெடிக்காமல் இன்னும் அந்த மண்ணில் கிடக்கின்றன. "கைடு நடக்கிற பாதையை விட்டு ஓரடிகூட வெளியே வைக்கக் கூடாது."

குல்கர்ணி காகா (மராத்தியில் பெரியவர்களைக் காகா, அவர்கள் மனைவியைக் காக்கூ என்போம்), பேங்க் மேனேஜராக இருந்தவர்: "கல்யாணம் ஆனதிலேர்ந்து வீட்ல நான் அப்படித்தான் நடக்கிறேன்." எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

அவருக்கு ஜோடி ஆப்டே காகா. ஸ்கூலில் பூகோளம் எடுத்தவர். மனைவியோடு வருவதாகத்தான் இருந்தது. தீபாவளிக்கு ஒட்டடை அடிக்க ஏறிய ஸ்டூல் சரிந்து காக்கூவுக்கு இடுப்பெலும்பு போய்விட்டது. நீங்கள் போய்ப் பார்த்து வந்து எனக்குச் சொல்லுங்கள் என்று அனுப்பிவைக்கிறாராம். "அவளுக்கும் ஒரு தொப்பி கொடு பேட்டா. கட்டில்ல போட்டுக்கிட்டு உட்காரட்டும்." கொடுத்தேன்.

வீட்டில் லாவோஸ், குண்டு என்று சொன்னதும் அப்பா சாப்பிடுவதை நிறுத்தினார். ராணுவ வெடிமருந்து ஃபாக்டரியில் வேலை அவருக்கு.
"அங்க இன்னா கீதுன்னு போறாங்க?"
"பாக்கத்தான்பா."
அப்பா எழுந்து கை கழுவினார்.
அம்மா: "உன்னயும் அனுப்புவாங்களாடி?"
"நான் போன் பாக்கத்தாம்மா."
"அது போதும்."

நவம்பர் 15, திங்கள்.

குளிர். ஸ்வெட்டர் முழங்கையில் ஓட்டை. மறைத்துக்கொண்டே நின்றேன்.

விமானத்துக்காக மும்பை போகும் பஸ் ஆபீஸ் வாசலில். பூஜை போட்டு, சாவந்த் சார் தேங்காய் உடைத்தார். சாவந்த் சார் எங்கள் ஆபீஸ் மேனேஜர். தேங்காய் உள்ளே கறுப்பு, நாற்றம். சட்டென்று செய்தித்தாளில் சுருட்டிக் குப்பை டப்பாவில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "யாரும் பாக்கல. நீயும் பாக்கல." வேறு தேங்காய் இருந்தது, நல்லதாக. கும்பிட்டார்கள்.

பஸ்ஸுக்குள் அப்போதே தகராறு. தினமும் இடம் மாறி உட்கார வேண்டும் என்பது விதி, ஜன்னல் எல்லோருக்கும் கிடைக்க. ஜன்னலோரம் ஆப்டே காகா.
குல்கர்ணி: "பூகோளம் சொல்லிக் கொடுத்தவருக்கு ஜன்னல் எதுக்கு? உமக்குத்தான் எல்லாம் மனப்பாடமாச்சே."
ஆப்டே: "படம் வரைஞ்சு காட்டினவன் ஒரு தடவை நிஜத்தைப் பாக்கணும் ஐயா."

காகா ஜன்னல் வழியாகத் தொப்பியை ஆட்டினார். மற்றவர்கள் வீட்டாருக்கு ஆட்டினார்கள். அவருக்கு நான்தான் இருந்தேன், எனக்கு ஆட்டினார். கையை முழுதாகத் தூக்க வெட்கம், பாதி தூக்கினேன்.

நவம்பர் 17, புதன்.

என் வேலை குஷாலி போன், அதாவது நலம் சொல்லும் போன். தினம் சாயங்காலம் மே. அங்கிருந்து ஆபீஸுக்கு ஒரு போன் பண்ணுவார். எல்லோரும் நலம், இன்று இதைப் பார்த்தோம், இதைச் சாப்பிட்டோம். அதை நான் வீடு வீடாகப் போன் பண்ணிச் சொல்ல வேண்டும். இந்தக் குஷாலிக்காகவே எங்களிடம் வருகிறவர்கள் உண்டு என்கிறார் சாவந்த் சார்.

எனக்குப் போன் என்றாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். சொல்ல வேண்டியதை முதலில் காகிதத்தில் எழுதிக்கொள்கிறேன். மூன்றாவது வீட்டுக்குப் பிறகு குரல் வந்துவிடுகிறது.

ஆப்டே காக்கூவைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன். அவர்தான் நிறையப் பேசுவார். சிஞ்ச்வட்டில் ஃபிளாட். குழந்தைகள் இல்லை. பகலில் வேலைக்காரம்மா, சாயங்காலம் தனி. மடியில் ஸ்கூல் அட்லஸ் வைத்துக்கொண்டுதான் போனை எடுக்கிறார். பேசுவது மராத்தி, இங்கே எழுதும்போது தமிழாகிவிடுகிறது.

"என்ன சாப்பிட்டார்?"
"ஒட்டுற சாதம், காக்கூ. மூங்கில் கூடையில வெச்சுக் கொடுத்தாங்களாம்."
"ஒட்டுற சாதமா. நான் வெச்சா மட்டும் பசைங்கிறார்."

பிறகு: "நாளைக்குத்தானே ஜாடி? ஒண்ணு சொல்லு அவர்கிட்ட. ஏதாவது ஒரு ஜாடிக்குள்ள எட்டிப் பாத்துட்டு வரணும். போட்டோல எல்லாம் வெளியதான் தெரியுது. உள்ள என்ன இருக்குன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கிறாங்க."

இதற்காகவே ஹோட்டலுக்கு ஐ.எஸ்.டி. போட்டேன். சாவந்த் சார் புருவத்தைத் தூக்கினார். மே. சிரித்துவிட்டுக் காகாவிடமே கொடுத்தார். இரைச்சலுக்கு நடுவே அவர் குரல்: "பாத்துட்டுத்தான் வருவேன்னு சொல்லு."

சொன்னேன். காக்கூ சின்னப் பெண் மாதிரி சிரித்தார். இந்த வேலை எனக்குப் பிடிக்கத் தொடங்கியிருக்கிறது.

நவம்பர் 18, வியாழன்.

மதியத்திலிருந்து ஃபாக்டரிப் பக்கம் சோதனை வெடி. டெக்கனுக்குக் கேட்காது. காலையில் அப்பா இன்றைக்கு உண்டு என்று சொன்னதால் மனசுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது.

போன் வரும் நேரம் தாண்டியது. வீடுகளிலிருந்து அவர்களே போன் பண்ண ஆரம்பித்தார்கள். லைன் கிடைக்கவில்லை என்றேன். உண்மைதான், அப்போது வரை.

இருட்டிய பிறகுதான் மே. போன் பண்ணினார். குரலை முதலில் அடையாளம் தெரியவில்லை.

நடந்தது இது. ஜாடிகளைப் பார்த்துவிட்டு எல்லோரும் பஸ்ஸுக்குத் திரும்பியிருக்கிறார்கள். காலையில் ஜன்னல் சண்டை மறுபடியும். ஆப்டே காகா கோபித்துக்கொண்டு பின் ஸீட்டுக்குப் போய்விட்டாராம். கிளம்பும்போது மே. ஜோடி கேட்டார். குல்கர்ணி காகா திரும்பிக்கூடப் பார்க்காமல் "ஆஹே" என்றார். பின்னால்தான் இருப்பார், மூஞ்சியைப் பார்ப்பானேன் என்று. ஹோட்டலில் இறங்கிய பிறகுதான் ஆப்டே காகா இல்லை என்று தெரிந்தது.

திரும்பிப் போனார்கள். பாதை முடிகிற இடத்தில் அவருடைய ஆரஞ்சுத் தொப்பி கிடந்ததாம். அதற்கு அப்பால் புல். தள்ளி, தனியாக, ஒரு ஜாடி. கைடு யாரையும் மேலே போக விடவில்லை. கூப்பிட்டுப் பார்த்தார்கள். இருட்டிவிட்டது.

மே.: "ஆப்டே காக்கூவுக்கு இப்ப எதுவும் சொல்லாதே. தனியா இருக்காங்க, பி.பி. வேற. காகாவுக்குத் தொண்டை கட்டியிருக்கு, பேச முடியலன்னு சொல்லு. மத்தபடி குஷாலி."

சாவந்த் சார் எதிரில் நின்றுகொண்டிருந்தார். டயல் பண்ணினேன்.

தொண்டை கட்டு என்றேன். காக்கூ: "பாத்தாரா?"
"பாத்தார்."
"உள்ள என்ன?"
காகிதத்தில் நான் எழுதியிருந்தது தொண்டைக் கட்டு வரைக்கும்தான்.
"தண்ணி. மழைத் தண்ணி. அதுல ஒரு தவளை."
காக்கூ சத்தமாகச் சிரித்தார். "தவளையா. நிறம் என்னன்னு கேட்டு வை."

போனை வைத்ததும் சாவந்த் சார் என் மேஜையைத் தட்டினார். "நல்லா சமாளிச்சே. தவளை பிரமாதம்."

வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. அம்மா: "இன்னாடி, மூஞ்சி ஒரு மாதிரி கீது?" தலைவலி என்றேன். ஒரே நாளில் எத்தனை பேருக்குப் பொய்.

எட்டிப் பார்க்கச் சொன்னது காக்கூ. அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தது நான்.

நவம்பர் 19, வெள்ளி.

மேகம். வெயிலே இல்லை.

இன்னும் தேடுகிறார்கள். தேடுகிறார்கள் என்றால், பாதையில் நின்று. புல்லுக்குள் இறங்குவதற்கு மண்ணைச் சோதிக்கிற ஆட்கள் வர வேண்டும், வேறு ஊரிலிருந்து. குல்கர்ணி காகா ரூமை விட்டு வெளியே வரவில்லையாம். சாப்பாடும் இல்லை. மே. சொன்னது: "வெடிச் சத்தம் ஒண்ணும் கேக்கலன்னு டிரைவர் சொல்றான்." அதை இரண்டு முறை சொன்னார்.

சாவந்த் சார் என்னிடம்: "வழி தப்பியிருப்பார். ஏதாவது கிராமத்துல சூப் குடிச்சிட்டு உக்காந்திருப்பார் பாரு."

மற்ற வீடுகளுக்கு முதலில். எல்லோரும் நலம், எல்லோரும் நலம். யாரோ ஒருவருடைய மருமகள், "உன் குரல் எவ்வளவு இனிமை, கேட்டாலே நிம்மதி" என்றாள். போனை வைத்துவிட்டுப் பாத்ரூமில் போய் நின்றேன்.

பிறகு காக்கூ.
"இன்னுமா தொண்டை? ஆயுசு பூரா வகுப்புல கத்தினவர். ஒரு நாள் கட்டினதில்லை."
"அங்க குளிர், காக்கூ."
"வெந்நீர் குடிக்கிறாரா?"
"குடிக்கிறார்."
"தவளை என்ன நிறம்?"
"பச்சை."
அட்லஸ் பக்கம் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு மெதுவாக: "நாளைக்கு ரெண்டு வார்த்தை அவரையே பேசச் சொல்லு பேட்டா. கட்டின குரலா இருந்தாலும் பரவாயில்ல. இருமினாக்கூடப் போதும்."

சரி என்றேன்.

அப்பாவிடம் சொல்லிவிட்டேன், எல்லாவற்றையும். "அந்தம்மாவுக்கு இன்னும் தெரியாதா?" என்று மட்டும் கேட்டார். தெரியாது என்றேன். என் முகத்தைப் பார்க்காமல் எழுந்து போனார். திட்டியிருக்கலாம்.

நவம்பர் 20, சனி.

லோக்கல் ரயிலில் எழுதுகிறேன். லேடீஸ் டப்பா, ஜன்னலோரம். எழுத்து ஆடுகிறது.

மதியமே போன் வந்தது. மே. "கிடைச்சுட்டார்" என்றார். நான் சிரிக்கக்கூடச் சிரித்துவிட்டேன் என்று நினைக்கிறேன். பிறகு மே. மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

அந்தத் தனி ஜாடிக்கு அந்தப் பக்கம். வெடி இல்லை. காலடியில் பழைய குண்டுக்குழி, புல் மூடியிருந்திருக்கிறது. விழுந்து தலையில் அடி. வியாழன் ராத்திரி பூரா உயிர் இருந்திருக்கலாம் என்கிறாராம் டாக்டர். கூப்பிட்டிருப்பார். அவருக்குத்தான் நல்ல குரலாயிற்றே.

மே.: "செவ்வாய்க்கிழமை வந்து நானே நேர்ல போய்ச் சொல்றேன். அதுவரை குஷாலி. மூணு நாள்தான். உன்னால முடியும்."
என் கையிலிருந்து போனை வாங்கி சாவந்த் சார்: "முடியும் மேடம், கெட்டிக்காரப் பொண்ணு."

சாயங்காலம். மற்ற வீடுகள் முடிந்தன. சாவந்த் சார் டீ குடிக்கக் கீழே இறங்கினார்.

கதவைச் சாத்திவிட்டு டயல் பண்ணினேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.
"அவரா?"
"நான்தான் காக்கூ."
"ஓ. நீயா."

எழுதிவைத்த காகிதத்தைப் பார்க்கவில்லை. நான் இப்போது கிளம்பி உங்கள் வீட்டுக்கு வரலாமா என்று கேட்டேன். ஆபீஸ் சம்பந்தமாக யார் வீட்டுக்கும் நான் போனதில்லை. அவருக்கு அவ்வளவு சந்தோஷம். "வா, வா. குரலைத்தான் தினம் கேக்கறேன், முகம் பாக்கல. பக்கத்து வீட்டுக்காரிகிட்ட அவல் போஹே பண்ணித் தரச் சொல்றேன். கறிவேப்பிலை பிடிக்கும்தானே உங்க பக்கத்துக்காரங்களுக்கு? தொப்பி போட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன், சிரிக்கக் கூடாது."

சிரிக்க மாட்டேன் என்றேன்.

கட்கி வந்தது. இறங்கவில்லை. தெரிந்த அக்கா ஒருத்தி பிளாட்பாரத்திலிருந்து, "இறங்கலையா செல்வி?" என்று கத்தினாள். தலையை ஆட்டினேன். தாபோடி. காசர்வாடி. லைட் எல்லாம் எரிய ஆரம்பித்துவிட்டன. நாளைக்கு இந்த வேலை இருக்காது. வீட்டில் சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் கேட்டேன், போனை வைப்பதற்கு முன்னால். கேட்டால் அவருக்குப் புரிந்துவிடும் என்று மூன்று நாளாக விழுங்கிக்கொண்டிருந்தது. கேட்காவிட்டால் தெரிந்துகொள்கிற நேரத்தில் பக்கத்தில் நான் ஒருத்திதான் இருப்பேன், முன்பின் தெரியாதவள். அதனால் கேட்டேன்.

"காக்கூ, நான் வந்து சேர்ற வரைக்கும் பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டு, உங்க பக்கத்துல உக்கார வெச்சுக்கறீங்களா?"