காத்துன்னு சொன்னீங்களே அப்பா

செம்பனைக் குலை லோரியைச் சாமி தேர் மாதிரி துடைத்துத் துடைத்து ஓட்டிய என் அப்பாவுக்கு,

நீங்கள் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. புக்கிட் பெலிம்பிங்கில் நம் வீட்டை இன்னமும் 'மிஸி வீடு' என்றுதான் சொல்கிறார்கள். எல்லாம் நீங்கள் கிளப்பிவிட்டது. தாமான் வீடுகளில் யாருக்குத் தலை சுற்றினாலும், "எம் மவ மிஸி. வாங்க, பிரஷர் பாக்கச் சொல்றேன்" என்று கையைப் பிடித்து இழுத்து வந்துவிடுவீர்கள். அந்த மிஸி நர்ஸ் வேலையை விட்டு ஐந்து வாரமாகிறது அப்பா. உங்களிடம் சொல்ல இவ்வளவு நாள் தைரியம் வரவில்லை.

ஏன் விட்டாய் என்று கேட்பீர்கள். அந்த வியாழக்கிழமை மத்தியானம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். இரவு வேலை முடிந்ததும், ஆள் பற்றாக்குறை என்று காலை வேலையையும் சேர்த்துப் பார்த்துவிட்டு வந்தேன். சோற்றைக்கூடத் தொடவில்லை. கட்டிலில் விழப் போனவளிடம் வந்து நெஞ்சைத் தடவிக்கொண்டு நின்றீர்கள்.

"காத்து புடிச்சிருக்கு போல புள்ள. கொஞ்சம் தைலம் தேச்சு விடேன்."

பதினாறு வருஷம் வார்டில் நின்றவள் நான். நம் ஆட்கள் நெஞ்சுவலி என்று வாயைத் திறந்து சொல்ல மாட்டார்கள், காத்து என்பார்கள், ஏப்பம் வந்தால் போய்விடும் என்பார்கள், நம்பாதீர்கள் என்று புதிதாக வந்த பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். நானே நம்பினேன். தைலத்தைத் தேய்த்து, "படுங்கப்பா, சரியாயிடும்" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனேன். எனக்குத் தூக்கம் வேண்டியிருந்தது, அதனால் நம்பினேன். ஐந்து மணிக்கு அம்மா அலறிய சத்தத்தில்தான் எழுந்தேன்.

தைலம் தேய்த்ததை யாரிடமும் சொல்லவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம் அம்மா, "பொசுக்குன்னு போயிட்டாரு" என்று அழுதாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினேன்.

அதன் பிறகு வேலையில் பயம் வந்து ஒட்டிக்கொண்டது. எவராவது ஏப்பம் விட்டால்கூட டாக்டரைக் கூப்பிட்டேன். மருந்தை நாலு தடவை சரிபார்ப்பேன். வீட்டுக்கு வரும் வழியில், சிவப்பு விளக்கில் நிற்கும்போது, ஐந்தாவது தடவையாக மனசுக்குள் சரிபார்ப்பேன். சரியான பெயரா, சரியான அளவா? சில நாள் பாதி வழியில் வண்டியைத் திருப்பிக்கொண்டு ஓடியிருக்கிறேன். கடைசியில் ஊசி பிடித்த கை நடுங்க ஆரம்பித்தது. நடுங்குகிற கையோடு இன்னொருத்தியின் அப்பாவை எப்படித் தொடுவது? விலகல் கடிதத்தை எழுதிக் கொடுத்துவிட்டேன்.

இப்போது தஞ்சோங் காராங்கில், காக் யா என்ற மலாய் அக்காவின் தையல் கடையில் பாஜு கூரோங் உடை தைக்கிறேன். முதல் நாளே ஒரு சட்டைக் கையைக் குட்டையாக வெட்டிவிட்டேன். காக் யா துணியைத் தூக்கிப் பார்த்தார், "தாக் பே லா, பரவாயில்லை, சின்னப் பிள்ளைக்குத் தைக்கலாம்" என்றார். தப்பு செய்தால் துணி மட்டும்தான் பாழாகிறது. என் கை அங்கே நடுங்குவதில்லை. ராத்திரி தூக்கம்கூட வருகிறது.

ஆனால் அம்மாவிடம் சொல்லவில்லை. ஏன் விட்டாய் என்று கேட்டால் தைலத்தைச் சொல்ல வேண்டுமே. அவள் விடியற்காலையில் யூனிஃபார்மை இஸ்திரி போட்டு வைப்பாள். நான் மாட்டிக்கொண்டு கிளம்பி, பெட்ரோல் நிலையத்துக் கழிவறையில் மாற்றிக்கொள்வேன். சாயங்காலம் மறுபடி மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவேன். நாற்பது வயசுக்காரி செய்கிற காரியமா இது? நீங்கள் இருந்திருந்தால் சிரித்திருப்பீர்கள். நானோ தெருவில் தெரிந்த முகம் எதைப் பார்த்தாலும் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

போன வாரம் எல்லாம் உடைந்தது. நான் வீட்டில் கால் வைத்த நேரம், பக்கத்து வீட்டு வீராசாமி மாமா நெஞ்சைத் தடவிக்கொண்டு வாசலில் நின்றார்.

"காத்துதான் மிஸி. ஒரு தைலம் இருந்தா குடும்மா."

அவர் வேண்டாம் வேண்டாம் என்க, காரில் திணித்தேன். அம்மாவும் ஏறிக்கொண்டாள். அவசரப் பிரிவுக்குப் போய்ச் சேரும்வரை, "மாமா, பேசிக்கிட்டே வாங்க, பேச்ச நிறுத்தாதீங்க" என்று கத்திக்கொண்டே ஓட்டினேன். இரத்தம் எடுத்தார்கள், நெஞ்சுப் படம் எடுத்தார்கள், மூன்று மணி நேரம் வைத்துப் பார்த்தார்கள். உண்மையிலேயே காத்துதான் அப்பா. மத்தியானம் தின்ற பலாக்கொட்டை.

அப்போது என்னோடு வேலை பார்த்த தேவி ஓடி வந்தாள். "அக்கா, வேலைய விட்டுட்டுப் போனவங்க இன்னும் யூனிஃபார்ம் போட்டிருக்கீங்க?" என்று கேட்டாள். அம்மா என்னைப் பார்த்தாள். அந்த இடத்திலேயே பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

மாமாவை அவர் வீட்டில் இறக்கிவிட்டு, நம் வாசலில் காரை நிறுத்தினேன். இறங்க முடியவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன். தைலம், தூக்கம், நடுக்கம், தையல் கடை எல்லாம். அம்மா அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"நீ தூங்கப் போனப்புறம் மறுபடி வலிக்குதுன்னாரு. வேர்த்து ஊத்துச்சு. புள்ளைய எழுப்பவான்னு கேட்டேன். வேணாம், ரெண்டு வேல பாத்துட்டு அசந்து தூங்குது, எந்திரிச்சதும் சொல்லிக்கலாம்னாரு. நானும் சரின்னு விசிறிக்கிட்டு ஒக்காந்திருந்தேன். அதுல இருந்து ஒன் மொகத்தப் பாக்கவே எனக்குப் பயமா இருக்கு கோமதி."

ஒரே வீட்டில் சோறு தின்றுகொண்டு, ஒன்றரை வருஷமாக நாங்கள் ஒருவருக்கொருவர் பயந்திருக்கிறோம் அப்பா. எழுப்பியிருந்தால் பிழைத்திருப்பீர்களா? பதினாறு வருஷம் வார்டில் நின்றும் அது எனக்குத் தெரியவில்லை. ஒரு குரல் கொடுத்திருக்கக் கூடாதா? எவ்வளவு அசதியாக இருந்திருந்தாலும் எழுந்திருப்பேனே.

பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். லீவு நாளில் அம்மா மத்தியானம் படுத்தால், போய் அவள் மூச்சைப் பார்க்கிறேன். "உசுரோடதான் இருக்கேன், போ லா" என்கிறாள் கண்ணைத் திறக்காமலே.

நான் வார்டுக்குத் திரும்பப் போவதில்லை. ஆனால் உங்களுக்கு ஒரு வாக்கு தருகிறேன். அம்மாவிடமும் கையில் அடித்து வாங்கிவிட்டேன். இனி இந்த வீட்டில் யாருக்கு எங்கே வலித்தாலும், தூங்குகிறவரை எழுப்புவோம்.

நீங்கள் எழுப்பாமல் விட்டுப் போன மகள்,
கோமதி