இரண்டு மணி நேரம்

மகளே மீச்சான், கனடாவில் பனி கொட்டுகிறது என்று செய்தியில் பார்த்தேன், காதை மூடிக்கொண்டுதானே வெளியே போகிறாய், காலையில் அப்பா படத்துக்கு முன்னால் சோறு வைக்கும்போது உன்னையும் மாப்பிள்ளையையும் பார்த்துக்கொள்ளும்படி அவரிடம் சொல்கிறேன். எனக்கு முட்டி வலி தவிர குறையில்லை.

ஞாபகம் தப்பி வீட்டை விட்டுப் போய்விடும் வயசானவர்களைச் சீக்கிரம் கண்டுபிடிக்க வழி தேடுகிறவர்களுக்கு அரசாங்கம் பணம் தருகிறதாம். படித்தவர்கள் மட்டும் கேட்டால் தராதாம், அந்தக் கஷ்டம் பட்ட வீட்டாரும் ஆராய்ச்சியில் சேர வேண்டுமாம். பல்கலைக்கழகத்திலிருந்து பேராசிரியர் குசகாரி அம்மா என்னைத் தேடி வந்தார். விண்ணப்பத்தில் ஆராய்ச்சியாளர் என்று என் பெயர், படிப்பு நடுநிலைப்பள்ளி, வேலை மீன் டப்பா ஆலை. நகராட்சி அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஹிராயமா, இனிமே தெருவுல பாத்தா குனிஞ்சு கும்பிடணும் போலிருக்கே யாசுயேக்கா என்று கேலி செய்தான்.

டோக்கியோவில் நேர்காணலுக்குப் போனோம், எதிரே ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஆளைக் காணோம் என்றதும் வீட்டார் ஏன் உடனே சொல்வதில்லை, அது தெரியாமல் பணம் கொடுத்து என்ன பயன் என்று ஒருவர் கேட்டார். குசகாரி அம்மா காகிதத்தைப் புரட்டினார். பதில் என்னிடம் இருந்தது. அப்பாவைக் காணோம் என்றதும் நகராட்சியில் உடனே சொன்னேன் என்று உன்னிடம் சொன்னது பொய், மீச்சான். ஊர் ஒலிபெருக்கியில் அறிவித்தால் தீயணைப்புப் படையில் இருக்கும் விவசாயிகள் அறுவடையைப் போட்டுவிட்டு வரவேண்டும், ஊருக்கே தொந்தரவு என்று இரண்டு மணி நேரம் தனியாகத் தேடினேன். எழுந்து நின்று இதைச் சொன்னேன். திட்டுவார்கள் என்று நினைத்தேன். ஏழு பேரும் பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார்கள். யாரிடமும் சொல்லக் கூசிய ஒன்றை ஒரு அரசாங்கம் இப்படிக் காது கொடுத்துக் கேட்குமா என்று இன்னும் மலைப்பாக இருக்கிறது.

பணம் கிடைத்துவிட்டது, மூன்று வருஷ வேலை. நாற்பது வீட்டுக்குப் போய் எத்தனை நேரம் மறைத்தீர்கள் என்று கேட்கிறேன். முதலில் என்னுடைய இரண்டு மணி நேரத்தைச் சொல்கிறேன், அப்புறம் அவர்கள் அழுதுகொண்டே தங்களுடையதைச் சொல்கிறார்கள். குசகாரி அம்மா இதைத் தன்னால் கேட்டு வாங்க முடியாது என்கிறார்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் இருங்கள். அனுப்பிய உலர்ந்த கடற்பாசியை ஈரம் படாமல் வை.

அம்மா, யாசுயே

இன்னும் ஒன்று. அப்பா காணாமல் போன மறுநாள் காலை ஹிராயமா ஒலிபெருக்கியில், கண்டுபிடிக்கப்பட்டார் என்று மட்டும் வாசித்தான், வழக்கமாகச் சேர்க்கும் பத்திரமாக என்ற சொல்லை வாசிக்கவில்லை, ஊருக்கே புரிந்துவிட்டது. அப்பா கிடந்தது மலைப்பாதையில், ஒலிபெருக்கிக் கம்பத்துக்கு நேர் கீழே. நான் கடைசியில் சொல்லி, அவர் பெயரை ஊரெல்லாம் கூப்பிட்டபோது, அது அவர் காதில் விழுந்திருக்குமா மீச்சான்?