ஞாயிறு விழுந்த முறை

என் பிரியத்துக்குரிய மூத்தண்ணாவுக்கு,

இனி ஞாயிற்றுக்கிழமையும் நம் கரையில் வலை இழுக்கலாம். நேற்றுப் பின்னேரக் கூட்டத்தில் முடிவானது. சங்கச் செயலாளரிடமும், கை உயர்த்திய இருவரிடமும் தனித்தனியே கேட்ட பிறகுதான் உங்களுக்கு எழுதுகிறேன். எதிர்த்தவர் ஒரே ஒருவர். உங்கள் மனைவி, என் மச்சாள்.

ஒரே கரை, நான்கு கரைவலை, நாளுக்கு ஒரு வலையாக முறை. ஞாயிறு யாருக்கு விழுந்தாலும் அந்த முறை ஆண்டவருக்குப் போனது, ஈடு கேட்கக்கூடாது என்று வைத்தவர் நீங்கள். கோயில் மூப்பராகவும், வலைச் சொந்தக்காரரான சம்மாட்டிகளில் மூத்தவராகவும் இருந்ததால் எவரும் மறுக்கவில்லை. மண்ணெண்ணெய் இல்லாமல் இயந்திரப் படகுகள் மணலில் கிடந்த அந்த வருடத்திலும் மறுக்கவில்லை.

அந்த வருடத்து ஞாயிறு ஒன்றில்தான் சாளை மீன் கூட்டமாக வந்தது. உங்கள் முறை. பூசை நடந்துகொண்டிருந்தது. கோயில் வாசலில் நின்றவர்களுக்குக் கடல் கறுத்து வருவது தெரிந்தது. பறவைகள் விழுந்து எழுந்தன. ஒருவர் உங்களிடம் வந்து குனிந்து, "சம்மாட்டி, இண்டைக்கு மட்டும்" என்றார். "இரும். ஆண்டவர் நாளைக்கும் தருவார்" என்றீர்கள். மறுநாள் கடல் வெறுமையாக இருந்தது. அதற்கடுத்த நாட்களிலும்.

பிறகு நடந்ததில் சிலதை நீங்கள் அறிவீர்கள், சிலதை அறியமாட்டீர்கள். உங்கள் மகள் படிப்பை விட்டுக் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். வலை இழுத்தவர்களில் பாதிப்பேர் முந்தல் இறால் பண்ணைகளுக்குப் போனார்கள். உங்கள் நெஞ்சு வருத்தத்துக்கு ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை, வெளியே வாங்கச் சொன்னார்கள், வெளியேயும் இல்லை. உங்கள் அடக்கத்தை மகள் தொலைபேசியில் பார்த்தாள். வேலை செய்யும் வீட்டுக்காரி கூப்பிட்டதும் பாதியில் நிறுத்திவிட்டாள். "குடுத்த மீனை வேணாம் எண்டவருக்கு ஆண்டவர்ர பதில்" என்று சவக்காலையிலேயே ஒருவர் சொன்னார். உங்கள் குழிக்கு மண் போட்டவர்தான் அவரும்.

கூட்டத்தில், முறையில் உங்களுக்கு அடுத்த வலைக்காரன் அந்தோனி பேசினான். "அக்கா, ஆறு நாளும் ஆண்டவர் ஒழுங்காத் தந்தா நாங்க ஏன் ஏழாம் நாளும் கடலுக்குப் போறம்?"

"ஆறு நாளும் தராதவர் ஏழாம் நாள் தருவார் எண்டு உனக்கு ஆரடா சொன்னது?" என்றார் மச்சாள்.

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்தபடியே கை உயர்த்தினார்கள். உங்கள் மகனும் உயர்த்தினான், தாயைப் பார்க்காமல்.

பங்குச் சுவாமியும் தடுக்கவில்லை. பசித்தவன் ஞாயிறு உழைப்பது பாவமில்லை என்றார். "பாவம் எண்டு நான் சொல்லல்ல சுவாமி" என்றார் மச்சாள். "கிழமையில ஒரு நாளாவது பயப்படாம இருக்கவேணும் எண்டுதான் சொல்றன்." அதற்குள் எண்ணிக்கை முடிந்துவிட்டது.

புது விதிப்படி, முறை நாளில் வலை இறக்காதவரின் முறை அடுத்த வலைக்குப் போகும். முதல் ஞாயிறே உங்கள் வலைக்கு விழுகிறது. மிச்சமிருக்கும் ஆட்கள் மகனிடம் சொல்லிவிட்டார்கள்: அன்று வலை இறங்காவிட்டால் அந்தோனியிடம் போய்விடுவோம் என்று. அவர்களுக்கும் அடுப்பு எரிய வேண்டும், குற்றம் சொல்ல இயலாது. ஆட்கள் போனால் வலை கரையில் கிடந்து இற்றுப்போகும். மச்சாளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் வேறு பிழைப்பு இல்லை.

இன்று காலை தேத்தண்ணியை வைத்துவிட்டு மச்சாள் கேட்டார்: "தம்பி, உங்கட அண்ணா இருந்தா என்ன சொல்லுவார்?"

ஆஸ்பத்திரியில் கடைசியாக நீங்கள் என்னிடம் சொன்னதை அவர் அறியார். "நான் ஆண்டவரை நம்பினன். சனம் என்னை நம்பிச்சு. ரெண்டும் ஒண்டில்ல தம்பி. அந்த ஞாயிறு திரும்ப வந்தாலும் நான் கோயிலுக்குள்ளதான் இருப்பன். மற்றவனைப் பிடிச்சு இருத்தமாட்டன்." இது மச்சாளைத் தாங்குமா, உடைக்குமா? உங்களுக்கே அது ஆறுதலாக இருந்ததா, வருத்தமாக இருந்ததா? கேட்டிருக்கலாம். நர்ஸ் நேரம் முடிந்தது என்றார்.

மகன் ஆட்களிடம் சனிக்கிழமை பின்னேரம் வரை தவணை கேட்டிருக்கிறான். ஞாயிறு மச்சாள் பூசைக்குப் போவார், அது உறுதி. வலை வள்ளத்தில் ஏறுமா என்பது இதை எழுதும்வரை உறுதியில்லை.

சனிக்கிழமைக்கு முன் தாயையும் மகனையும் ஒன்றாக இருத்தி, நீங்கள் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்வேன். இன்னொன்றும், அண்ணா. அன்று மீன் பட்டாலும் படாவிட்டாலும், அதை ஆண்டவரின் தீர்ப்பு என்று நான் எழுதமாட்டேன். என் காதுபடச் சொல்பவரைச் சும்மா விடவும் மாட்டேன்.

உங்கள் கூடப்பிறந்த
இளையவன்