பெட்ரோல் இஞ்சினே போதும் என்று சொல்லிவிட்டேன்

அன்புள்ள கவிதா அப்பாவுக்கு,

உங்கள் தலைத்திவசம் முடிந்து வந்த முதல் ஆடிப் பூசைக்குப் போய்விட்டு வந்தேன். உங்கள் ஜீப் இன்னும் பெர்மாஸ் ஜெயாவில் நம் வீட்டு வாசலில்தான் நிற்கிறது. பக்கத்து வீட்டுப் பூனை பானெட் மேல் படுத்துத் தூங்குகிறது. நீங்கள் இருந்தால் விட்டிருப்பீர்களா?

விஷயத்துக்கு வருகிறேன். இஞ்சின் தேய்ந்துபோய் நீலப் புகை விட ஆரம்பித்தது உங்களுக்கே தெரியும். அதை இறக்கிச் சரிசெய்வதா, இல்லை டீசல் இஞ்சினாக மாற்றிவிடுவதா என்று மணியம் நச்சரிக்கிறார். உங்கள் கூட்டாளி அல்லவா, தன் பட்டறையில் ஒரு பழைய டீசல் இஞ்சினை எனக்காகப் பிடித்து வைத்திருக்கிறார். "பதில் சொல்லுங்க அண்ணி, வேற ஆளு கேக்குறாங்க" என்கிறார்.

நம் மகளும் டீசல் பக்கம்தான். நான் ஜீப் ஓட்டப் பழகுவதே அவளுக்குப் பயம். "மா, பெட்ரோல் வண்டி ஆத்துல நின்னுரும். அப்பா இல்ல, யாரு வந்து பாப்பாங்க?" என்று கேட்கிறாள்.

அவள் சொல்வதில் தப்பில்லை. பெக்கோக் பக்கம் செம்பனைத் தோட்டத்துக்குள் இருக்கும் நம் முனியாண்டி கோயிலுக்கு ஆற்றில் இறங்கித்தான் போகவேண்டும். இஞ்சின் விசிறி தண்ணீரை வாரி அடிக்கும், டிஸ்ட்ரிபியூட்டர் நனையும், நெருப்புப் பொறி வராமல் வண்டி நடு ஆற்றில் அடங்கிவிடும். டீசலுக்கு அந்தப் பொறியே தேவையில்லை. இதை நான் உங்களுக்கு எத்தனை வருடம் படித்துப் படித்துச் சொன்னேன்? பொங்கல் பானையை மடியில் வைத்துக்கொண்டு ஆற்று நடுவில் உங்களைத் திட்டாத ஆடி உண்டா? "டீசல் ஆட்டுற ஆட்டத்துக்கு உன் முதுகு தாங்காதுடி. பெட்ரோல்தான் நைசா ஓடும்" என்று சிரிப்பீர்கள். எனக்கு இன்னும் எரிச்சல் ஏறும்.

அதனால் இந்த ஆடிக்கு மணியத்தின் டீசல் ஜீப்பிலேயே போய்ப் பார்த்தேன். சத்தம் காதைப் பிளந்தது. முதுகைப் பற்றி நீங்கள் சொன்னதும் சரிதான். ஆனால் ஆற்றில் இறங்கினதுதான் தெரியும், அதற்குள் அக்கரை ஏறிவிட்டோம். "பாத்தீங்களா அண்ணி? ஒரு இருமல்கூட இல்ல லா" என்றார் மணியம் பெருமையாக. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவர் பதறிப்போய் வண்டியை நிறுத்தினார். கண்ணில் புகை பட்டுவிட்டது என்று சமாளித்தேன்.

விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி சிங்கப்பூர் வேலைக்குப் போய், வந்ததும் சாப்பிட்டுப் படுக்கிற மனுஷனோடு நான் எங்கே பேசினேன்? அந்த ஆற்றில்தான். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றித் துடைத்து வெயிலில் வைத்துவிட்டு, தண்ணீரில் காலை விட்டபடி பம்பரில் என் பக்கத்தில் உட்காருவீர்கள். அது காய்கிற வரைக்கும் உங்களுக்கு வேறு வேலை இல்லை. நம் இரண்டாவது பிள்ளை தங்காமல் போனதைப் பற்றி வீட்டில் நாம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அங்கேதான் பேசினோம். அதற்கு நீங்கள் பெயர்கூட யோசித்து வைத்திருந்தது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

இந்த முறை ஆற்றில் ஒரு நிமிடம்கூட எனக்குக் கிடைக்கவில்லை. கரையேறிய பிறகு எங்கே போய் நான் உங்களோடு உட்காருவது?

திரும்பி வந்ததும், பெட்ரோல் இஞ்சினையே சரிசெய்து கொடுங்கள் என்று மணியத்திடம் சொல்லிவிட்டேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டே சொன்னார்: "அப்படின்னா டிஸ்ட்ரிபியூட்டருக்கு ஒரு ரப்பர் உறை போட்டுத் தர்றேன் அண்ணி. சின்ன வேலைதான். தண்ணி போகாது, வண்டி நிக்காது. அண்ணன்கிட்டயும் வருஷா வருஷம் சொன்னேன். தொட விடல."

தொட விடவில்லையாம். குழாய் ஒழுகினால் அன்றைக்கே மாற்றுகிற ஆள் நீங்கள். அந்த உறையை மட்டும் ஏன் வேண்டாம் என்றீர்கள்? நான் திட்டிய திட்டையெல்லாம் வாங்கிக்கொண்டு, தெரிந்தேதான் நனைய விட்டீர்களா? இதை நான் இனி யாரிடம் போய்க் கேட்பேன்?

உறை வேண்டாம் என்றேன். கவிதா "அலமாக்" என்று தலையில் கை வைத்தாள். அவள் பயமும் நியாயம்தான். அதனால் கோயிலுக்குப் போகும்போது மணியத்தின் வண்டி என் பின்னாலேயே வரட்டும் என்று ஒத்துக்கொண்டேன். ஆனால் நான் கூப்பிடும்வரை அவர் கரையில்தான் நிற்கவேண்டும்.

அடுத்த ஆடிக்கு நானே ஓட்டிக்கொண்டு வருவேன். நடு ஆற்றில் வண்டி நின்றால் மூடியை நானே கழற்றித் துடைத்துக் காயவைப்பேன். காய்கிற வரைக்கும் கரையில் இருப்பவரைக் கூப்பிட மாட்டேன். உங்களைத் திட்டவும் மாட்டேன்.

இப்படிக்கு,
கிளட்ச் மிதிக்கப் பழகிக்கொண்டிருக்கும் உங்கள் மனைவி,
சரசு