மண்ணிறக் கோடுகளுக்கு நடுவே ஓர் ஒழுங்கை

என் அன்புப் பெரியம்மா,

உங்கள் படங்கள் வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்துவிட்டன. கனடாவில் பீட்சாப் பெட்டி அட்டைகளில் நீங்கள் வரைந்தவற்றை உங்கள் மகன் உடுப்புகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்தான். கட்டில் முழுக்கப் பரப்பி வைத்திருக்கிறேன். எல்லாவற்றிலும் ஒரே இடம்தான்: கொழும்பில் நீங்களும் அம்மாவும் பிறந்த கொட்டாஞ்சேனை ஒழுங்கை, அந்தக் குறுகிய தெரு. நீலக் கதவு வைத்த உங்கள் வீடு. வீட்டைவிடப் பெரிய மாமரம். மரத்தைவிடப் பெரிய சேவல்.

அழகுதான். அதுதான் எனக்குக் கோபம். எண்பத்து மூன்றுக் கலவரத்தில் மற்றத் தமிழர் வீடுகளோடு அந்த வீட்டையும் கொளுத்தினார்கள். கொளுத்தியவர்களை ஒருவரும் விசாரிக்கவில்லை. நீங்கள் திரும்பி வரவேயில்லை. அங்கே யார்யாருடையவோ கழிவறைகளைக் கழுவிவிட்டு வந்து, இங்கே இல்லாத வீட்டுக்கு நீலம் பூசினீர்களா? ஒரு பொட்டுக் கரிகூட இல்லையே, ஏன்?

பம்பலப்பிட்டியில் பழைய கொழும்பைப் பற்றி ஒரு கண்காட்சி நடக்கப்போகிறது. படங்களைக் கேட்டார்கள். பிரேம் போட அம்மாவோடு காலி வீதிக் கடைக்குப் போனேன். எல்லாப் படத்திலும் மேலும் கீழும் தடித்த மண்ணிறக் கோடுகள் இழுத்திருக்கிறீர்கள் அல்லவா? கடைக்கார அண்ணருக்கு அவை பிடிக்கவில்லை.

"தங்கச்சி, இந்தக் கோடுகள் படத்தை அமத்துது. சுத்திவர மவுண்ட் அட்டை போட்டு மறைச்சு விடட்டே? நீட்டா இருக்கும்."

"ஓம், மறையுங்கோ."

"விசரி!" என்று அம்மா கத்தினார். "அது கோடில்லையடி. நோனா வீட்டு யன்னல்."

எதிர்வீட்டு நோனா, அந்தச் சிங்கள அம்மா, உங்கள் குடும்பத்தை மேல்மாடி அறையில் ஒளித்து வைத்தது எனக்குத் தெரியும். அந்த யன்னலின் குறுக்குப் பலகைகளில் ஒன்று கழன்றிருந்ததும், அந்த இடைவெளியால் நீங்கள் பார்த்துக்கொண்டிருந்ததும் தெரியாது.

"வீடு எரிஞ்சு முடியுமட்டும் அக்கா பாத்தவா. நான் சின்னப்பிள்ளை, என்னைப் பாக்க விடேல்ல. என்ன தெரியுது எண்டு கேட்டனான். 'மதிலில சேவல் நிக்குது, சத்தம் போடாதை' எண்டா. அவ்வளவுதான்."

கடைக்காரர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

பெரியம்மா, எனக்குக் குழம்புகிறது. எரிவதைப் பார்த்த அதே இடத்தில் நின்றுகொண்டு எரியாத வீட்டை வரைந்திருக்கிறீர்கள். தங்கைக்குச் சொன்ன பொய்யையா இத்தனை காலமும் வரைந்தீர்கள்? இல்லை, அந்தச் சேவல் உண்மையிலேயே நின்றதா? இது மன்னிப்பா? மன்னிக்க உங்களிடம் யார் வந்து கேட்டார்கள்?

கண்காட்சிக்காரப் பெண்ணிடம் யன்னலைப் பற்றிச் சொன்னேன். "ஐயோ டியர், அந்தக் கதையெல்லாம் இப்ப வேணாமே. சேவல் எவ்வளவு கியூட்!" என்றார். யன்னல் மறைந்தால் படம் வராது என்று சொல்லிவிட்டேன். இன்னும் பதில் இல்லை.

அவர்கள் எடுக்காவிட்டால் எங்கள் பிளாட் சுவரில் தொங்கட்டும். ஒரு கோடும் மறையாது. பார்க்க வருகிறவர்களுக்கு நீங்கள் எங்கிருந்து பார்த்தீர்கள் என்று சொல்வேன். ஏன் இப்படி வரைந்தீர்கள் என்று கேட்டால், தெரியாது என்பேன். உங்களுக்காகப் பொய் சொல்லமாட்டேன்.

இப்படிக்கு,
சேவல் நிற்கிறது என்று மட்டும் கேட்டு வளர்ந்த உங்கள் தங்கையின் மகள்