இருக்கும் இடம்

ஆவணி, வெள்ளிக்கிழமை இரவு

மகள் கவிதாவின் கல்யாணப் பத்திரிகையைப் பாதிப் பேருக்குக் கொடுத்தாயிற்று. இன்று சாயங்காலம் திருநகரிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா கூப்பிட்டார்.

"மதினி, கவிதா ஆரப்பாளையத்துல ரொம்ப நேரமா நிக்கிதே, யாரு கூட?"

எப்படித் தெரியும் என்று கேட்டேன். "அதான் எம்மகன் போன்ல காட்டுதே" என்றார்.

என் கணவருக்குச் சந்தோஷம். "கல்யாணத்துக்கு முன்னாடியே இம்புட்டு அக்கறையா இருக்காங்க பாரு."

கவிதா வந்ததும் கேட்டேன். அவள் இருக்கும் இடம் தனக்கு எப்போதும் தெரியும்படி போனில் வைக்கச் சொன்னாராம் மாப்பிள்ளை.

"அதை அணைச்சு வையி."

"கோவப்படுவாரும்மா."

நான் விடவில்லை. அணைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள். சோற்றைப் பிசைவதற்குள் போன் அடித்தது. கையைக்கூடக் கழுவாமல், எழுந்து நின்றுகொண்டுதான் எடுத்தாள்.